பவுடர் போடாத டீ

புது ஆள் வரப்போகிறான் என்றால் டிலிஸ் காலையிலிருந்தே ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடப்பாள். அந்தச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். வழக்கமாக உதவிக்கு வரும் ரியன் மழையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அவளுக்குப் பதிலாக ஏஜென்சியிலிருந்து லாய்ட் என்று ஒருவன் வந்தான்.

லனெல்லி என்ற ஊரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த அந்த வீட்டில் டிலிஸும் எம்லினும் ஆளுக்கொரு அறையில் பதினேழு வருடமாகக் குடியிருந்தார்கள். சமைக்க, குளிக்க, வெளியே போக உதவிக்கு ஆட்கள் முறை வைத்து வருவார்கள். எம்லினுக்குக் கைகால் வசமில்லை, பேச்சும் வராது. கண்ணை மேலே தூக்கினால் ஆமாம், மூடினால் இல்லை. தொண்டையும் சரியில்லாததால் தண்ணியாக எதைக் குடித்தாலும் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். டீயாக இருந்தாலும் பவுடர் போட்டுக் கூழ் பதத்துக்குக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். இதெல்லாம் சமையலறை மேடையில் இருந்த கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது.

"அப்புறமா படிச்சுக்கறேன்" என்றான் லாய்ட். "காலைலேருந்து இது மூணாவது வீடு. சரி மாப்ளே, டீ குடிக்கிறியா?"

எம்லின் கண்ணைத் தூக்கினான். அவனுக்கு டீ என்றால் உயிர்.

லாய்ட் கெட்டிலைப் போட்டான், பாலை ஊற்றினான். பவுடர் டப்பா இருந்த அலமாரிப் பக்கம் அவன் கை போகவே இல்லை. மேசையோரம் உட்கார்ந்திருந்த டிலிஸ் அந்த அலமாரியையே பார்த்தாள்.

ஒன்பது வயதில் அவளைப் புத்தி போதாது என்று மலைச்சரிவிலிருந்த பெரிய ஆஸ்பத்திரியில் விட்டார்கள். அதை இழுத்து மூடியபோதுதான் வெளியே வந்தாள்; அப்போது வயது முப்பத்திரண்டு. அங்கே ஒருமுறை, பக்கத்துக் கட்டில் பெண்ணைப் பணியாள் அடித்ததை, ஆய்வுக்கு வந்த அதிகாரியம்மாவிடம் சொல்லிவிட்டாள். அந்த அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போய்விட்டாள். டிலிஸை மூன்று நாள் ஜன்னலில்லாத அறையில் போட்டுப் பூட்டினார்கள். வேலை செய்கிறவர்களைக் குறை சொல்லக் கூடாது என்பது அன்றைக்கே அவள் எலும்பில் ஏறிவிட்டது.

"பவுடர்" என்றாள். அவளுக்கே கேட்கவில்லை.

"என்னது?"

"பவுடர்."

"டீல எதுக்குப் பவுடர்? பால் ஊத்தியாச்சு, டிலிஸ். உனக்கும் போட்டுத் தரேன், பொறு."

கப் எம்லின் வாய்க்குப் போனது. ஒரு மடக்குப் போனதும் எம்லின் இருமினான். "சூடோ?" என்று லாய்ட் ஊதிவிட்டு மறுபடி நீட்டினான். இரண்டாவது மடக்கில் இருமல் கூட வரவில்லை. நீர் கொப்பளிப்பது போல நெஞ்சுக்குள் ஒரு சத்தம் மட்டும் கேட்டது. எம்லின் கண்ணை இறுக மூடினான். திறந்தான். மறுபடி மூடினான்.

இல்லை, இல்லை என்கிறான். அது டிலிஸுக்குத் தெரிந்தது. லாய்டுக்குத் தெரியவில்லை.

எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஓங்கித் தட்டியதில் கப் சுவரில் மோதி உடைந்தது.

"ஏய்! பைத்தியமா உனக்கு?" லாய்ட் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அந்தப் பிடியில் டிலிஸுக்குக் கால் வழியே சிறுநீர் இறங்கியது. ஆனால் வாய் திறந்துகொண்டது.

"கெட்டியா! எம்லினுக்குக் கெட்டியாத்தான் குடுக்கணும்! நெஞ்சுக்குள்ள போகுது! அவனைப் பாரு, செத்துருவான், பாரு!"

லாய்ட் திரும்பிப் பார்த்தான். எம்லினின் உதடு நீலம் பாரித்திருந்தது. கையை விட்டுவிட்டுப் போனைத் தேடினான். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான்.

ஆம்புலன்ஸ் சத்தம் தெருமுனையில் கேட்டபோது டிலிஸ் மாடிக்கு ஓடினாள். ஈரத் துணியை மாற்றிக் கோட்டை மாட்டினாள். இரண்டு உள்ளாடை, சீப்பு, அம்மாவின் போட்டோ மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு கட்டில் நுனியில் உட்கார்ந்தாள். கீழே கனத்த காலடிகள் கேட்டன. வந்தது தன்னைக் கொண்டுபோகத்தான் என்று நினைத்தாள். வண்டி போன பிறகும் அசையவில்லை.

உதவியாட்களின் மேலாளர் ஆல்வென் மழைக்கோட்டோடு மாடியேறி வந்தபோது மணி பதினொன்றரை.

"எம்லினுக்கு ஆக்சிஜன் வெச்சிருக்காங்க, கண்ணு. மூச்சு விடறான். நீ எங்க கிளம்பிட்டே?"

"எத்தனை நாளு?" என்றாள் டிலிஸ்.

"எது எத்தனை நாளு?"

"ரூம்ல. எத்தனை நாளு பூட்டுவீங்க? கப்பை நான்தான் உடைச்சேன்."

ஆல்வென் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இது உன் வீடு, டிலிஸ். வாடகைச் சீட்டுல உன் கையெழுத்து இருக்கு. நாங்கதான் வேலைக்கு வர்றவங்க. வெளிய அனுப்பறதுன்னா என்னையத்தான் அனுப்பணும். வந்தவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம உள்ள விட்டுட்டேன்."

டிலிஸ் நம்பவில்லை. இப்படி இதமாகப் பேசியவர்களை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள். சாயங்காலம் வரை கோட்டைக் கழற்றவில்லை.

எம்லினுக்கு நிமோனியா. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். நான்காம் நாள் டிலிஸ் வார்டு வாசல்வரை போனாள். மருந்து நெடியில் கால் நகராமல் திரும்பிவிட்டாள். ஆறாம் நாள் ஆல்வெனின் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். மெலிந்துபோயிருந்த எம்லின் அவளைப் பார்த்ததும் கண்ணைத் தூக்கினான். யாரும் அவனை எதுவும் கேட்கவில்லை.

அவன் வீடு திரும்பிய வாரம் ஆல்வென் வந்து சொன்னாள்: "லாய்ட் ரொம்ப வருத்தப்படறான். பயிற்சியை முடிச்சுட்டு மறுபடி வரட்டுமான்னு கேக்கறான். உங்க ரெண்டு பேரையும் கேக்காம நான் சொல்ல மாட்டேன்."

எம்லின் கண்ணை மூடினான். டிலிஸ் அவனைப் பார்த்தாள்.

"வேண்டாம்" என்றாள்.

"சரி. வேண்டாம்னா வேண்டாம்" என்று எழுதிக்கொண்டு ஆல்வென் கிளம்பினாள்.

சொல்லிவிட்ட பயத்தில் டிலிஸ் இரண்டு நாள் வாசல் மணி அடித்தபோதெல்லாம் கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள் மணி அடித்தபோது ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்; கட்டுப் போட்ட கையோடு வாசலில் ரியன் நின்றிருந்தாள். டிலிஸே போய்க் கதவைத் திறந்தாள்.