கால்சியம் குறையும் வீடு

ஊசிக்குழாயிலிருந்து கடைசிச் சொட்டு விழுந்ததும் கண்ணாடிக் குப்பியில் இருந்த இளஞ்சிவப்பு, நீலமாக மாறியது. அசென் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சோதனை மருந்து எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று பார்த்தார். போன ஞாயிற்றுக்கிழமையைவிடக் குறைவு. மீன்தொட்டி நீரில் கால்சியம் மறுபடியும் இறங்கியிருந்தது. குப்பியைக் கையில் வைத்துக்கொண்டே சமையலறை வாசலில் போய் நின்றார்.

“குறைஞ்சிருக்கு,” என்றார்.

குளிர்காலத்துக்காகக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்த மனைவி நெவேனா திரும்பவில்லை. “நல்லா சாப்பிடுது போல,” என்றாள்.

அந்த வாரத்தில் அவர்கள் பேசிக்கொண்டது ஏறக்குறைய அவ்வளவுதான். பிப்ரவரியில் மகள் ரலிட்சா இறந்துபோனபின் அந்த வீட்டில் பேச்சு இப்படித்தான், ஒரு சொல் இந்த அறையில், ஒரு சொல் அந்த அறையில். ஆனால் இந்த ஒரு செய்தியை மட்டும் இருவரும் எதிர்பார்த்திருந்தார்கள். பவளம் நீரிலிருக்கும் கால்சியத்தை எடுத்துத்தான் தன் எலும்பைக் கட்டுகிறது. நீரில் குறைந்தால் அதன் உடம்பில் ஏறுகிறது என்று அர்த்தம். மகள் சொன்னதுதான். விரல்நுனி அளவு ஊதாத் துண்டாக வாங்கிவந்து, உள்ளங்கை அளவு கிளைக்கும்வரை அவள் வளர்த்த பவளம் அது. வளர்ந்துகொண்டிருப்பதாகச் சொல்ல அந்த வீட்டில் வேறு எதுவும் இல்லை.

மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியேதான் அவருக்குக் கற்றுக்கொடுத்தாள். சிவப்பு மூடி போட்ட புட்டியில் கால்சியம், அது காலையில். நீல மூடியில் சோடாக் கரைசல், அது சாயங்காலம். “ரெண்டையும் ஒன்னா ஊத்திடாதப்பா. ஒன்னையொன்னு பாத்தா கல்லாயிடும்.” டிராலிபஸ் பணிமனையில் காலமெல்லாம் மோட்டார்களைப் பிரித்து மாட்டியவர் அவர், சொன்னதைச் சொன்னபடி செய்வதில் அவருக்குச் சிரமமில்லை. காலையில் சிவப்பு மூடியிலிருந்து ஊற்றிவிட்டு வேலைக்குக் கிளம்புவார். சாயங்காலம் வந்து நீலம். நெவேனா அந்த அறைக்குள் வருவதில்லை. தாழ்வாரத்தில் அந்தக் கதவைத் தாண்டும்போது அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வதை அவர் பார்த்திருக்கிறார். அவளைக் கூப்பிட்டதும் இல்லை.

ஆகஸ்டில் ஆறு மாதம் நிறைந்தது. ஊர் வழக்கப்படி, ரலிட்சாவின் படம் போட்ட இரங்கல் தாளைக் கட்டட வாசலிலும் பஸ் நிறுத்தத்திலும் அசென் ஒட்டிவிட்டு வந்தார். நெவேனா அவித்த கோதுமையில் சர்க்கரையும் வால்நட்டும் கலந்து, காகிதக் கிண்ணங்களில் போட்டு, வந்தவர்களுக்குக் கொடுத்தாள். மீன்கடை பிளாமெனும் வந்திருந்தான். ரலிட்சா அவனிடம்தான் எல்லாம் வாங்குவாள். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, தொட்டியைப் பார்க்கலாமா என்று கேட்டான்.

வெகுநேரம் குனிந்து பார்த்தான்.

“அண்ணே, நுனியெல்லாம் வெளுத்துக் கிடக்கே.”

“வளர்ற நுனி வெள்ளையாத்தான் இருக்கும். அவ சொல்லியிருக்கா.”

பிளாமென் சட்டைக்கையை மடித்துவிட்டு, மூலையிலிருந்த சூடேற்றும் குழாயை வெளியே எடுத்தான். கண்ணாடியே தெரியாதபடி அதன்மேல் வெள்ளைக் கல் படிந்திருந்தது. பம்ப்பின் வாயிலும் அப்படியே. நகத்தால் சுரண்டிப் பார்த்தான், பெயரவில்லை.

“உங்க கால்சியம் எல்லாம் இங்கதான்ணே போயிருக்கு. சோடா அதிகம். அதுல நுனி கருகினாலும் வெள்ளையாத்தான் தெரியும். கால்சியம் ஊத்தின கையோட சோடாவும் போடறீங்களா?”

“இல்ல. அது சாயங்காலம்.”

“அப்ப காலைல யாரு போடறாங்க? மீனுங்களா?”

யாருமில்லை என்றார் அசென். சொல்லும்போது அது உண்மை என்றுதான் நினைத்தார்.

மறுநாள் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு, பாதி வழியிலிருந்து திரும்பி வந்தார். ரலிட்சாவின் அறைக்கதவு திறந்திருந்தது. நெவேனா தொட்டியின் முன்னால் நின்றிருந்தாள், கையில் பழைய ஜாம் புட்டி. அவர் சற்றுமுன் ஊற்றிய அதே இடத்தில், நூல்போல, மெதுவாக ஊற்றிக்கொண்டிருந்தாள். நீரில் வெண்மை புகையாக எழுந்து கிளைகளின்மேல் படிந்தது. அவள் பேசிக்கொண்டும் இருந்தாள்.

“மேல்வீட்டுப் பொண்ணுக்கு ஆம்பளப் புள்ள பொறந்திருக்குடி. உங்கப்பாவுக்கு முட்டி வலி, சொல்ல மாட்டேங்கறார். நீ சொன்ன மாதிரியே அடுப்புல சோடாவ நல்லா காய வச்சுத்தான் கலக்கறேன். உங்கப்பா இத மறந்துருவாரு, அதான் என்கிட்ட சொன்ன, இல்லையா?”

ரலிட்சா இருவரிடமும் சொல்லியிருக்கிறாள். ஒருவர் உடைந்துபோனால் மற்றவர் இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். இருவரும் செய்வார்கள், ஆனால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள மாட்டார்கள் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

அசென் கண்ணாடியை எடுக்காமலே படியிறங்கிப் போனார். பஸ் நிறுத்தத்தில் மகள் சிரித்துக்கொண்டிருந்த தாளின் ஓரம் காற்றில் பிரிந்திருந்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி நின்றார். சொன்னால், அந்த ஜாம் புட்டியை அவள் மறுபடி தொடமாட்டாள். சொல்லாவிட்டால் பவளம் போய்விடும். இரண்டு பஸ்களை விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து காலையில் அவர் எதுவும் ஊற்றவில்லை. சிவப்பு மூடியைச் சாயங்காலத்துக்கு மாற்றினார். நீல மூடிப் புட்டியைக் கழுவித் தொட்டிக்குக் கீழே கவிழ்த்து வைத்தார். காலை நேரம் அவளுக்கு. அவளிடம் எதையும் கேட்கவில்லை. சூடேற்றும் குழாயை வினிகரில் ஊறவைத்துச் சுத்தம் செய்தார். நீர் கண்ணாடிபோலத் தெளிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சோதித்தார். அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும். எண் இறங்கவில்லை. சாயங்கால அளவைப் பாதியாக்கினார், பிறகு அதையும் நிறுத்தினார். அப்போதும் அதே எண். இப்போது நீரில் கல்லாக எதுவும் படியவில்லை, எலும்பாக எதையும் யாரும் எடுக்கவுமில்லை. வெண்மை நுனிகளிலிருந்து கீழே இறங்கி வந்திருந்தது. அடியில், பாறையோடு ஒட்டுகிற இடத்தில் மட்டும் நகக்கண் அளவு ஊதா மிச்சம் இருந்தது. அதுவும் நிறம்தானா, தொட்டி விளக்கின் நீலம்தானா என்று அவரால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

“பாத்தீங்களா?” சமையலறையிலிருந்து நெவேனாவின் குரல். அவளாகக் கேட்டது இதுதான் முதல் தடவை. “குறைஞ்சிருக்கா?”

அவர் குப்பியிலிருந்ததைப் பக்கத்திலிருந்த வாளியில் கொட்டினார்.

“குறைஞ்சிருக்கு.”

தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவருகே சற்று நின்றது. பிறகு நெவேனா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து, அவருக்குப் பக்கத்தில், தோள் படும்படி நின்றாள். குனிந்து கண்ணாடியில் நெற்றி முட்ட உற்றுப்பார்த்தாள்.

“இந்தக் கிளை கொஞ்சம் நீண்டிருக்கு, இல்ல?”

அவளுடைய மூச்சு கண்ணாடியில் வட்டமாகப் படிந்து வெண்கிளையை மறைத்தது. ஓரங்களிலிருந்து சுருங்கி, அது மறையப்போகும் நேரத்தில், அவள் மறுபடி மூச்சுவிட்டாள்.