ஒரே பிளக்

"பெட்டி வேலை செய்யல அண்ணி. பொண்ணு வர்ற வரைக்கும் தாங்காது. இப்பவே எடுத்துடலாம்," என்றார் கொழுந்தன், கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி.

அவள் குளிர்பெட்டியின் கண்ணாடிமேல் கை வைத்துப் பார்த்தாள். சில்லென்றுதான் இருந்தது. உள்ளே அவள் கணவர், ஓய்வுபெற்ற விலங்கியல் வாத்தியார், நேற்றுக் காலை எப்படிக் கண்ணை மூடினாரோ அப்படியே கிடந்தார். ஆனால் கூடம் நாறியது, செத்த மீனும் அழுகிய முட்டையும் சேர்ந்தாற்போல. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒருத்தர் மூக்கைப் பொத்தியதும் வரிசையாக எல்லாரும் பொத்தினார்களே, அதுதான் அவளுக்குக் குமட்டியது. "கூட்டுயிரின்னா அப்படித்தான். ஒண்ணைத் தொட்டா அத்தனையும் சுருங்கும்," என்பார் அவர், மூலையிலிருந்த தன் கடல்நீர்த் தொட்டியின் பவளத்தைக் காட்டி.

"அவ விமானம் ஏறிட்டா. அப்பா மொகத்தைப் பாக்காம எடுக்கக் கூடாது."

"எங்க அண்ணன் நாறிப்போறதையா அவ வந்து பாக்கணும்?" என்றாள் நாத்தனார்.

அவள் பெட்டியின் வயரைப் பிடித்துக்கொண்டே போனாள். கூடத்தில் இருந்தது ஒரே பிளக். அதிலிருந்து பிடுங்கிய தொட்டியின் வயர் தரையில் கிடந்தது.

"இதைப் புடுங்கினது யாரு?"

"நான்தான்," என்றார் கொழுந்தன். "பெட்டிக்கு வேணும்ல? அதுல ஒரு மீன்கூட இல்ல, வெறும் கல்லு."

தொட்டியின் மூடியைத் திறந்தாள். கொழுந்தன் வாசலுக்கு ஓடினார். கடற்பஞ்சு கறுத்துக் கூழாகியிருந்தது. பவளத்தின் தோல் சளி மாதிரி உரிந்து தொங்கியது. இருபது வருடமாக அவள் வெறுத்த தொட்டி. "பொண்டாட்டிக்குக் காய்ச்சல்னா தெரியாது, இதுங்களுக்கு உப்பு கொறஞ்சா மட்டும் தெரியும்," என்று எத்தனை சண்டை. "ஒட்டுயிரிங்கடி. இடத்தை விட்டு நகர முடியாது, பாவம். நாமதான் பாத்துக்கணும்," என்று சிரிப்பார். பாவமாம், பாவம். கேட்டிருந்தால் தன் பெட்டி வயரைத்தான் பிடுங்கச் சொல்லியிருப்பார் மனுஷன்.

கையை விட்டாள். விரலிடுக்கில் வழவழவென்று பிதுங்கியது. வாளி வாளியாக அள்ளிப் போய்க் கொல்லையில் புதைத்தாள். ஒருத்தரும் கிட்ட வரவில்லை. நாற்றம் அடங்கியதும் கைக்குட்டைகள் இறங்கின. எடுக்கிற பேச்சும் நின்றது.

சாயங்காலம் மகள் வந்தாள். பெட்டிமேல் விழுந்து அழுதாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா, அப்பா வாடை அடிக்குது?"

"ஆமா," என்றாள் அவள்.

எல்லாம் முடிந்தது. பெட்டியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள் தரையில் கிடந்த வயரை எடுத்துப் பிளக்கில் செருகினாள். அடியில் மிஞ்சிய கலங்கல் தண்ணீரில் பம்பு குமிழ் விடத் தொடங்கியது.

மகள் சாப்பிடக் கூப்பிட்டாள். தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தவள் இடத்தை விட்டு நகரவில்லை.