நெவிலின் குறுவாளில் ஒரு பிசிர்

என் கூடாரத்துக்கு வருகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது அந்த இரட்டைக் குமிழ் குறுவாளைத்தான். கைப்பிடியின் அடியில் இரண்டு மர உருண்டைகள் இருக்கும். ஐந்நூறு அறுநூறு வருடத்துக்கு முன்னால் ஆண்கள் அதை இடுப்புக்கு நேர் முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு பெருமையாகத் திரிந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள், டீச்சர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அதைச் செய்து விற்பதுதான் எனக்குப் பிழைப்பே. அதோடு சாப்பாட்டு செட்டும் செய்வேன்: சின்னக் கத்தி, கரண்டி, இறைச்சியைக் குத்தி எடுக்க ஒரு கம்பி, மூன்றும் ஒரே தோலுறையில்.

பட்டறை ஷெஃபீல்டில். கோடை முழுக்க சனி ஞாயிறுகளில் எங்கள் சங்கத்தோடு யார்க்‌ஷயரில் ஏதாவதொரு மேய்ச்சல் நிலத்தில் கிடப்பேன். பஸ் ஓட்டுகிறவனும் பல் டாக்டரும் இரும்புச் சட்டை மாட்டிக்கொண்டு பழைய போர்களை மறுபடியும் நடத்துவார்கள். யார் யார் சாக வேண்டும் என்பதைக் காலையிலேயே பேசி வைத்துவிடுவோம்.

அதற்காக விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். களத்துக்குப் போகிற ஆயுதத்தின் முனை உருண்டையாகவும் விளிம்பு மழுங்கலாகவும் இருக்க வேண்டும். காலையில் பரிசோதகர் ஒரு பழைய நைலான் காலுறையை விளிம்பு நெடுக இழுத்துப் பார்ப்பார். நூல் மாட்டினால் அந்த ஆயுதம் வெளியே. ஆனால் இரும்போடு இரும்பு மோதினால் விளிம்பில் பிசிர் கிளம்பத்தான் செய்யும். கண்ணுக்கே சரியாகத் தெரியாது, சதையைக் கிழிக்க அது போதும். அதனால் ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் அரம் போட்டு ராவிவிட வேண்டும்.

நெவில் தன் குறுவாளை என்னிடம்தான் ராவக் கொடுப்பான். ராதர்ஹாமில் பஸ் ஓட்டுகிறவன், என் வயதுக்காரன், இருபது வருட சிநேகிதம். நான் இல்லாத நாளில் வேறு யார் ராவிக் கொடுத்தாலும் கட்டை விரலால் விளிம்பு முழுக்கத் தடவிப் பார்ப்பான். என்னிடம் வாங்கினால் நேரே உறையில் செருகிவிடுவான். “லோரெய்ன் கை பட்டதுய்யா. அதைத் தடவிப் பாத்தா அவளுக்கு அவமானம்” என்று பரிசோதகரிடமே சொல்லியிருக்கிறான். எனக்கு அதில் எவ்வளவு கர்வம் என்று சொல்லி முடியாது.

போன ஆகஸ்ட்டில் ஒரு ஞாயிறு. மதியப் பயிற்சி முடிந்து வியர்த்து விறுவிறுக்க வந்தான். என் முன்னால் நின்ற அம்மாள், சாப்பாட்டு செட்டைப் பாத்திரம் கழுவும் மெஷினில் போடலாமா என்று மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கண்ணு, ரெண்டு எடத்துல பிசிர் கெளம்பியிருக்கு. ராவி வெய்யி.”

“வெச்சிட்டுப் போ. உனக்குன்னா ராஜாவே காத்திருப்பாரு.”

“ராஜா காத்திருப்பாரு. கீரன் காத்திருக்க மாட்டான். மூணு மணிச் சண்டையில அவனைக் கொல்லணும்.”

அவன் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோதும் அந்த அம்மாள் போகவில்லை. அரத்தை நான் தொடவே இல்லை.

“ஆச்சா?” என்றான்.

“ஆச்சு, ஆச்சு.”

எண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைத்து நீட்டினேன். கத்தி எவன் மேலும் படப்போவதில்லை, எல்லாம் பாவனைதானே என்று நினைத்தேன். அவன் பார்க்காமல் உறையில் செருகிக்கொண்டு போனான்.

மூன்று மணிக் காட்சியில் நெவில் கீழே விழுந்த கீரனின் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, தலைக்கவசத்தின் முகமூடியைத் தூக்கி, குறுவாளை முகத்துக்குப் பக்கத்தில் இழுக்க வேண்டும். நூறு தடவை செய்ததுதான். அன்றைக்குக் கீரன் தலையைத் திருப்பிவிட்டான். மழுங்கிய விளிம்பாக மட்டும் இருந்திருந்தால் ஒரு கீறலோடு போயிருக்கும். பிசிர் இமையில் மாட்டி நெற்றிப்பொட்டு வரை கிழித்தது. ஜனங்கள் கை தட்டினார்கள், அந்த ரத்தமும் காட்சியில் சேர்த்தி என்று நினைத்து. கண் தப்பியது, ஏழு தையல்.

ஒரு வாரம் கழித்து ஒரு பப்பின் மாடியில் சங்கத்தார் விசாரித்தார்கள். நானும் போய் உட்கார்ந்திருந்தேன். ஏன் ராவவில்லை என்று நெவிலைக் கேட்டார்கள். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

“ராவணும்னு நெனச்சேன். மறந்துட்டேன்” என்றான்.

வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. சங்கத்தார் வாங்குவதெல்லாம் என்னிடம்தான், பேர் கெட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் நிஜம். மீதி வெட்கம். ஆயுள் முழுக்க அவன் ஆயுதத்தோடு களத்தில் கால் வைக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. மனைவி பிரிந்து போன பிறகு அவனுக்கு இருந்ததெல்லாம் அந்தக் களம்தான். எனக்குத் தெரியும். தெரிந்தே எழுந்து வீட்டுக்கு வந்தேன்.

குளிர்காலம் முழுக்க நெவிலுக்கு ஒரு போன்கூடப் போடவில்லை.

மார்ச்சில் கீரனே பட்டறைக்கு வந்தான், தன் கல்யாணத்துக்கு இரண்டு சாப்பாட்டு செட் வேண்டுமென்று. இமையில் வெள்ளையாகத் தழும்பு.

“நெவில் உங்ககிட்ட குடுத்திருந்தா எனக்கு இது ஆகியிருக்காதுங்க. சோம்பேறிப் பய.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“எங்கிட்டதான் குடுத்தான். நான் ராவல. ராவிட்டேன்னு பொய் சொன்னேன்.”

கீரன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கடைசல் எந்திரத்தில் பாதி கடைந்த கைப்பிடி மரத்தைப் பார்த்தான். கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான். அன்றைக்கே சங்கத்துக்குக் கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டு ராதர்ஹாமுக்கு வண்டியை எடுத்தேன்.

நெவில் பஸ் கம்பெனிச் சட்டையோடு கதவைத் திறந்தான். இளைத்திருந்தான். அடுக்களையில் உட்கார வைத்து, கேட்காமலே டீ வைத்தான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கடிதம் போட்டதையும் சொன்னேன்.

“தெரியும்” என்றான்.

“என்ன தெரியும்?”

“அன்னிக்கு சாயங்காலமே பாத்துட்டேன். பிசிர் மேல உன் எண்ணெய் அப்படியே இருந்துச்சு.”

“அப்புறம் ஏன்யா சொல்லல?”

“நான் சொன்னா அது காட்டிக் குடுக்கறது. நீ சொன்னாத்தானே கண்ணு அது உண்மை. இன்னிக்கி வருவா, நாளைக்கி வருவான்னு கிறிஸ்துமஸ் வரைக்கும் பாத்தேன். அப்புறம் பாக்கறத விட்டுட்டேன்.”

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நான் அழுதேன். அவன் தடுக்கவில்லை.

அழுது முடித்ததும் இழுப்பறையைத் திறந்து குறுவாளையும் ஒரு அரத்தையும் என் முன்னால் வைத்தான். ஏழு மாதம் அவன் அதைத் தொடவில்லை. அந்த இரண்டு பிசிரும் அப்படியே இருந்தன, சுற்றிலும் துரு.

“ராவு” என்றான்.

ராவினேன். என் வாழ்க்கையில் எந்தக் கத்திக்கும் அவ்வளவு பொறுமையாக அரம் போட்டதில்லை. உப்புத்தாள் கேட்டேன், கொடுத்தான். அதையும் போட்டு, துடைத்து, கைப்பிடியை அவன் பக்கம் வைத்து நீட்டினேன்.

வாங்கினான். உறை மேஜை மேல்தான் கிடந்தது. அதை எடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் போய், கட்டை விரலால் ஒரு விளிம்பை அடியிலிருந்து நுனி வரை மெதுவாகத் தடவிப் பார்த்தான். பிறகு திருப்பி, மற்ற விளிம்பையும் தடவிப் பார்த்தான்.