பாட்டிலில் போட்ட கோடு

ஊரார் வீசி எறிந்ததை வேடிக்கை பார்ப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம் என்று அவள் கணவன் சொல்லிச் சிரிப்பான். முழுப் பொய்யும் இல்லை. ஊரின் குப்பை முழுவதும் வந்து சேரும் பிரிப்புக் கூடத்தில் அவள் மேற்பார்வையாளர். நீளமான பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் கையுறை போட்ட பெண்கள் நின்று பிளாஸ்டிக், காகிதம், தகரம் என்று தனித்தனியாக எடுத்துப் போடுவார்கள். இயந்திரம் அதை அழுத்திக் கட்டாக்கித் தரும். ஒவ்வொரு கட்டிலும் சீட்டு ஒட்டி, கொட்டை கொட்டையான எழுத்தில் தேதி போடுவது அவள் வேலை. ஏழு எழுதும்போது மட்டும் குறுக்கே ஒரு கோடு இழுப்பாள். பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம், போகவில்லை.

பெல்ட்டின் முனையில் நிற்பவளுக்குக் கழுகு என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது, வாய்க்கும் எதுவும் தப்பாது. அன்று காலை கழுகின் கையில் ஊதா மூடி போட்ட ஒரு லோஷன் பாட்டில் மாட்டியது. காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

"பாதிக்கு மேல இருக்கு. எந்த மகராசியோ, திறந்தா, மோந்து பார்த்தா, தூக்கிப் போட்டுட்டா. இந்தப் பம்புக்குள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கும், அதைப் பிடுங்கிப் பிடுங்கி எனக்கு நகமே இல்ல. அவ மூஞ்சி மட்டும் பளபளன்னு இருக்கணும்."

பெல்ட்டே சிரித்தது. கழுகு பாட்டிலைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கூடையில் போட்டாள். நம் மேற்பார்வையாளர் அண்ணாந்து மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்த மகராசி அவள்தான். திறந்த தேதியைப் பாட்டில் அடியில் எழுதி வைப்பது அவள் வழக்கம். கூடைக்குள் கவிழ்ந்து கிடந்த அந்தத் தேதியை அவள் நின்ற இடத்திலிருந்தே வாசிக்க முடிந்தது.

ஊருக்கெல்லாம் குப்பையைப் பற்றி வகுப்பெடுப்பவள். பள்ளிப் பிள்ளைகள் கூடத்தைப் பார்க்க வந்தால் மைக் பிடிப்பவள். அன்று மதியம் கழுகின் பக்கத்தில் உட்காராமல் தனியாகப் போய்ச் சாப்பிட்டாள். கழுகின் விரல் நகங்களைப் பார்த்த பிறகு அவ்வளவு வெட்கம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளியலறை அலமாரியை எண்ணினாள். முகம் கழுவ இரண்டு, டோனர் ஒன்று, சீரம் மூன்று, பகலுக்கு ஒரு கிரீம், ராத்திரிக்கு ஒன்று, கண்ணுக்குக் கீழே தடவ விரல் நீளத்தில் ஒரு டியூப், சன்ஸ்கிரீன், அப்புறம் அதே ஊதா மூடி லோஷனில் புதிதாகத் திறந்த இன்னொன்று. பதினொன்று. இருப்பதோ ஒரே ஒரு முகம்.

அங்கேயே நின்று முடிவெடுத்தாள். பதினொன்றும் தீரும்வரை புதிதாக ஒன்றும் வாங்குவதில்லை. பஞ்சுக்குப் பதில் பழைய பருத்தித் துணியைக் கிழித்துத் துவைத்துத் துவைத்துப் பயன்படுத்துவது. முகம் கழுவுவது தீர்ந்தால் காகிதம் சுற்றிய சோப்புக்கட்டி. முதல் பாட்டில் காலியான அன்று அதை எடுத்துப் போய்க் கழுகின் கையில் கொடுத்து, அந்த மகராசி நான்தான் என்று சொல்லிவிடுவது. அதுவரை அவளை நேருக்கு நேர் பார்க்க முடியாது என்று தோன்றியது. ஊதா மூடியிலிருந்து ஆரம்பித்தாள். லோஷன் எதுவரை இருக்கிறதோ அங்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தாள்.

கணவனிடம் மூச்சு விடவில்லை. அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் யார் எந்த மாடியில் மாட்டிக்கொண்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். நல்லவன்தான். ஆனால் ஒரு விஷயம் கையில் கிடைத்தால் ஒரு மாதம் அதை வைத்தே ஓட்டுவான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தாள். லோஷன் கோட்டிலேயே நின்றது. நாம்தான் கஞ்சத்தனமாகத் தடவுகிறோம் போல என்று நினைத்து, இரண்டு அழுத்தலை நான்காக்கினாள். அதற்கடுத்த ஞாயிறும் கோடு கோடாகவே இருந்தது. கழுத்து, முழங்கை, குதிகால் என்று ஆட்சியை விரிவாக்கினாள். தலையணை உறை வழுக்கியது. கண்ணாடி மூக்கில் நிற்கவில்லை. பாட்டில் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

"என்னக்கா, கொஞ்ச நாளா கூடத்துல லைட்டே தேவையில்ல போலிருக்கே," என்றாள் கழுகு.

மேற்பார்வையாளர் சீட்டு எழுதப் போய்விட்டார்.

ஐந்தாவது வாரம் பெல்ட்டில் மறுபடி ஊதா மூடிகள் வந்தன. ஒன்றல்ல, மூன்று. மூன்றும் நடுவில் வட்டமாக அறுக்கப்பட்டு, உள்ளே ஒரு சொட்டு மிச்சமில்லாமல் துடைக்கப்பட்டிருந்தன. பம்பிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றித் தனியாக ஒரு டப்பாவில் போட்டிருந்தார்கள்.

கழுகு ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். "பாருங்க, இதுதான் மனுஷங்க வேலை. அறுத்து, வழிச்சு, துடைச்சு, ஸ்பிரிங்கையும் கழட்டி. யார் பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்."

மேற்பார்வையாளர் அந்த அறுப்பைப் பார்த்தார். பிசிறில்லாத அறுப்பு. விளிம்பை அரத்தால் ராவியிருந்தது. பிளாஸ்டிக்கைக்கூட ராவும் ஆள் இந்த ஊரில் ஒருவன்தான் உண்டு. துடைத்த துணியின் கருப்பு கிரீஸ் ஓரத்தில் லேசாக ஒட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேராக அவனுடைய கருவிப் பெட்டியைத் திறந்தாள். ஸ்பேனர்களுக்கு நடுவில், துணி சுற்றி, பாதி தீர்ந்த நான்காவது ஊதா மூடி சுகமாகப் படுத்திருந்தது.

"இது எந்த லிஃப்ட்டுக்குங்க?"

அவன் திருதிருவென்று விழித்தான். "நீதானே கோடு போட்டிருந்தே."

"போட்டா?"

"ஆயில் டேங்க்ல கோடு எதுக்கு இருக்கும்? அதுக்குக் கீழ இறங்கக் கூடாதுன்னுதானே. இருபது வருஷமா கோட்டைப் பார்த்தா கை தானா ஊத்தும். தினமும் காலைல பார்ப்பேன், குறைஞ்சிருக்கும், ஊத்திடுவேன். நீ வேற லிட்டர் கணக்குல இழுக்க ஆரம்பிச்சுட்டே. நான் எங்க போறது?"

ஒரு பாட்டிலைத் தீர்க்க நினைத்தவள் வீட்டுக்குள் நான்கு பாட்டில் வந்திருக்கிறது. அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

"சரி, ஊத்தினீங்க. ஏன் ஒளிச்சு வச்சீங்க?"

பெட்டியின் கொண்டியைத் திறந்து திறந்து மூடினான்.

"அன்னைக்கு நீ மூஞ்சி கழுவிட்டு இருந்தப்போ, இவ்வளவு பூசி யாருக்குக் காட்டப் போறேன்னு ஒரு வார்த்தை விட்டுட்டேன். நீ ஒண்ணுமே சொல்லல. சாயந்திரம் வந்து அலமாரி முன்னாடி ரொம்ப நேரம் நின்னே. அப்புறம் ஒண்ணுமே வாங்கல. பழைய துணியக் கிழிச்சுத் துடைக்கிறே. என் வாய் சும்மா இருந்திருக்கலாம்னு எனக்குத் தூக்கமே இல்ல. தீர்ந்து போச்சுன்னா நீ மறுபடி வாங்க மாட்டியோன்னு பயந்துட்டேன்."

அவள் அவனையே பார்த்தாள். அப்படி ஒரு வார்த்தை அவள் காதில் விழவே இல்லை. குழாய் திறந்திருந்தது, கண்ணில் நுரை இருந்தது. விழாத ஒரு சொல்லுக்காக ஐந்து வாரம் இந்த மனிதன் திருட்டுத்தனமாக லோஷன் ஊற்றியிருக்கிறான். அவன்மேல் பொங்கி வந்த அன்பை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை, மறைக்கவும் இல்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு பெல்ட், கழுகு, மகராசி எல்லாவற்றையும் சொன்னாள்.

சொல்லும்போதுதான் அந்தக் கையைக் கவனித்தாள். கிரீஸும் மண்ணெண்ணெயும் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. தினமும் சாப்பாடு போடும்போது பார்க்கிற கைதான்.

"இனிமே ஊத்தற வேலை கிடையாது. இறக்கற வேலைதான். கையை நீட்டுங்க."

"எனக்கா? சைட்ல மணக்கும், பசங்க ஓட்டுவாங்க."

"ஓட்டட்டும். நீங்க ஊரை ஓட்டினது கொஞ்சமா?"

நான்கு கைகள் சேர்ந்ததும் பத்தே நாளில் பெட்டியில் இருந்ததும் அலமாரியில் இருந்ததும் தீர்ந்தன. அவன் கோட்டுக்கு மேலேயே அறுத்து, ராவி, ஸ்பிரிங்கைக் கழற்றிக் கொடுத்தான். மிச்சம் இன்னும் பத்து இருந்தது. ஆனாலும் ஒன்று தீர்ந்துவிட்டது.

மறுநாள் பெல்ட் ஓடத் தொடங்கும் முன்பே அவள் காலிப் பாட்டிலோடு கழுகின் எதிரில் போய் நின்றாள்.

"அன்னைக்குப் பாதியோட ஒரு பாட்டில் வந்துதே. அந்த மகராசி நான்தான்."

கழுகு பாட்டிலை வாங்கி உள்ளே விரல் விட்டுப் பார்த்தாள். ஈரமில்லை. அடியைத் திருப்பினாள். தேதியில் குறுக்குக் கோடு போட்ட ஏழு இருந்தது. நிமிர்ந்து, சுவரோரம் அடுக்கியிருந்த கட்டுகளைக் காட்டினாள். சீட்டுக்குச் சீட்டு அதே ஏழு.

"அது தெரிஞ்சுதான்க்கா அன்னைக்கு அவ்வளவு சத்தமாச் சொன்னேன்."

பிறகு பாட்டிலைக் கூடையில் போட்டுவிட்டு, பெல்ட்டின் சுவிட்சைத் தட்டினாள்.