அழாத பிள்ளை

2024ஆம் ஆண்டு மார்ச் 11, திங்கட்கிழமை மாலை, குனோங் ராபாட்டில் உள்ள தன் வீட்டுக் குளியலறையில் தினேஸ்வரி தன் மகள் ஷர்மினியின் சட்டையைக் கழற்றினாள். குழந்தையின் இடக்கை முழங்கைக்கு மேல் வீங்கிக் கறுத்திருந்தது. ஷர்மினிக்கு இரண்டரை வயது. வீக்கத்தைத் தொட்டபோது உதட்டைக் கடித்தாள்; அழவில்லை.

பகலில் அவளைப் பார்த்துக்கொண்டவர் இருளாயி, தினேஸ்வரியின் கணவன் தீபனுக்குப் பெரியம்மா. கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போன பெண்களின் பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் வளர்த்தவர். தோட்டம் விற்கப்பட்டபின் நகரத்துக்கு வந்து, ஐந்து குழந்தைகளை ஸ்பிரிங் தொட்டில்களில் போட்டுப் பார்த்துவந்தார். அழுகிற பிள்ளையைத் தூக்கக் கூடாது என்பது கொட்டகையின் விதி. ஒன்றைத் தூக்கினால் மற்றவையும் அழும். அழுகை கேட்டால் தாய்க்கு வேலை ஓடாது, கங்காணி ஏசுவார். அந்த விதி அப்படியே அவருடைய நகரத்து வீட்டுக்கும் வந்தது. இருளாயி வீட்டில் சத்தமே கேட்பதில்லை என்பதற்காகவே தாய்மார் அவரைத் தேடி வந்தனர். தினேஸ்வரியும் அவ்வாறே வந்தவள்.

இருளாயியைக் கைப்பேசியில் அழைத்துக் கேட்டாள்.

“விழுந்துச்சா? எனக்குத் தெரியாதேமா. ஒரு சத்தம் போடலியே! உன் புள்ள தங்கம்லா.”

மருத்துவமனையில் படமெடுத்துப் பார்த்தார்கள்; எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்ட பெண் மருத்துவர் குழந்தையின் முகத்தையே நெடுநேரம் பார்த்தார்.

“வலிச்சா உங்ககிட்ட வருவாளா?”

தினேஸ்வரி யோசித்தாள். ஒருமுறைகூட வந்ததில்லை. பேச்சும் நான்கைந்து சொல்லைத் தாண்டவில்லை. முன்பு செய்த செவிப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை.

“அழுதா யாரும் வரமாட்டாங்கன்னு தெரிஞ்சிட்டா, புள்ள கூப்பிடறதையே விட்டிடும்மா. யாரையும் கூப்பிடாத புள்ள பேச்சை எங்கிருந்து கத்துக்கும்? இப்ப ஆரம்பிச்சா நிறைய சரி பண்ணலாம். எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்ல மாட்டேன்.”

திரும்பும் வழியில், உடன் வந்திருந்த தீபன் சொன்னான்: “நானும் அந்தக் கொட்டகையில வளர்ந்தவன்தான். எனக்கு என்ன குறைஞ்சி போச்சு?”

“உங்கப்பா செத்த அன்னிக்கு நீங்க வெளிய காரைக் கழுவிக்கிட்டு இருந்தீங்க.”



மறுநாள் மாலை மூவரும் இருளாயி வீட்டுக்குப் போயினர்.

“எத்தன புள்ளைங்கள வளர்த்துவிட்டேன்! அடிச்சேனா? பட்டினி போட்டேனா? சொல்லு தீபன்!”

“இல்ல பெரியம்மா,” என்றாள் தினேஸ்வரி. “தூக்கல. அவ்வளவுதான்.”

“தூக்கித் தூக்கிக் கெடுக்கறதுக்கு நான் என்ன படிச்சவளா?”

அப்போது தொட்டிலொன்றில் ஒரு குழந்தை வீறிட்டது. தினேஸ்வரி எழுந்தாள்.

“உக்காரு. தூக்கிட்டு நீ பாட்டுக்குப் போயிடுவ. நாளைக்கு அவஸ்தை எனக்குத்தான்.”

அவள் நின்றபடியே இருந்தாள். அழுகை தேய்ந்து, விக்கலாகி, நின்றது. அறையில் மூன்று பெரியவர்கள் இருந்தும் ஒருவரும் தொட்டிலருகே போகவில்லை. ஷர்மினி அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. தீபன் அதைப் பார்த்தான்; மகளை வாரித் தூக்கிக்கொண்டு வெளியே போனான். அவன் தோளில் அவள் மரக்கட்டைபோல் விறைத்திருந்தாள்.

முடிவானது இது. தினேஸ்வரி தொழிற்சாலை வேலையை விட்டு மகளுடன் வீட்டில் இருப்பாள். தீபன் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்குப் போவான். சிலிபினில் உள்ள பேச்சுப் பயிற்சி மையத்துக்கு ஷர்மினியை வாரந்தோறும் அழைத்துச் செல்வார்கள். பெரியம்மா மீது புகார் செய்ய வேண்டாம் எனத் தீபன் கேட்டான், தினேஸ்வரி இணங்கினாள். நடந்ததை மற்ற நான்கு தாய்மாரிடமும் அவளே சொன்னாள். ஒருவரும் தம் பிள்ளையை அங்கே அனுப்புவதை நிறுத்தவில்லை.