இயக்குநர் பார்க்கப்போகும் வலது கை

மனித குல வரலாறு என்பது கோல் பிடித்தவர்களின் வரலாறு. செங்கோல் பிடித்தவன் நாட்டை ஆண்டான். எழுதுகோல் பிடித்தவன் ஏட்டை ஆண்டான். பெயின்ட் கம்பெனியின் துணை மேலாளர் ஒட்டடைக்கோலைப் பிடித்துக்கொண்டு படுக்கையறையில் குனிந்து நின்றார்.

"அப்படியே ஃபேனுக்கு மேலயும் ஒரு இழுப்பு இழுத்துடுங்க" என்றாள் மனைவி, துணி மடித்தபடி.

"வயித்தெரிச்சலைக் கிளப்பாதே."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர் அவர். திங்கட்கிழமை லிஃப்டில் இயக்குநர், "ஸ்நூக்கர் ஆடுவீங்களா?" என்று கேட்டார். கோலால் பந்தைக் குழியில் தள்ளும் மேசை ஆட்டம் அது. இல்லை என்று சொல்ல முழுசாக இரண்டு மாடி இருந்தது. "ஏதோ, கொஞ்சம் சார்" என்று சொல்லித் தொலைத்தார்.

"அப்போ சனிக்கிழமை மத்தியானம் கிளப்புக்கு வந்துடுங்க. ஸ்டிக் பிடிக்கிற கையைப் பார்த்தே ஆளை எடை போட்டுடுவேன் நான்."

மேலாளர் நாற்காலி அடுத்த மாதம் காலியாகிறது.

அன்று மாலையே மச்சினனைக் கூப்பிட்டார். ஸ்நூக்கரில் தான் ஒரு புலி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிபவன். வந்ததும் ஒட்டடைக்கோலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

"என்ன அத்தான் இது, உலக்கையா? நெல்லா குத்தப்போறீங்க?"

"அப்புறம் எப்படிடா பிடிக்கிறது?"

"தூங்குற குழந்தை விரலைப் பிடிக்கிற மாதிரி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளையம். மத்த மூணும் சும்மா தொட்டுக்கிட்டு இருக்கணும். பின்னால இழுக்கும்போது அந்த மூணும் விரியணும். முன்னால போகும்போது தானா மூடணும். முழங்கைக்குக் கீழே கை நேரா தொங்கணும்."

"தொங்குதா?"

"தொங்குது. மூஞ்சியும் சேர்ந்து தொங்குது."

வளையம் சரியானால் மூன்று விரல்கள் விறைத்தன. விரல்களைத் தளர்த்தினால் மணிக்கட்டு மடங்கியது. நாளுக்கு இரண்டு மணி நேரம், ஐந்து நாள், பாடம் பிடியைத் தாண்டவில்லை. அலுவலகத்தில் பேனா மூன்று முறை கைநழுவி விழுந்தது. பேருந்தில் கம்பியைக் குழந்தை விரலாகப் பாவித்து, திருப்பத்தில் ஒரு பெரியவர் மடியில் போய் உட்கார்ந்தார். "இரும்புக் கம்பிதான் சார், கடிக்காது, கெட்டியாப் பிடிங்க" என்றார் நடத்துநர். இரவு கைபேசியில் பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டங்களைப் பார்த்தார். வலது கையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை கிளப்பில், பச்சைத் துணி விரித்த மேசையைச் சுற்றி அலுவலகமே நின்றது. அதே நாற்காலிக்குக் கண் வைத்திருந்த கிடங்கு அதிகாரி, 'ஜால்ரா' என்று பெயர் வாங்கியவர், இயக்குநரின் கோட்டைக் கையில் ஏந்தியிருந்தார். இயக்குநர் முதல் அடி அடித்தார். சிவப்புப் பந்துகள் சிதறின.

"அற்புதம் சார்!" என்றார் ஜால்ரா.

துணை மேலாளர் உள்ளங்கை வியர்வையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு குனிந்தார். வளையம். மூன்று விரல்கள். கை தொங்கியது.

"யாரும் பேசாதீங்க" என்றார் இயக்குநர், குரலைத் தாழ்த்தி. "இந்தப் பிடியைப் பாருங்கய்யா. இதுதான்யா பிடி! இப்படிப் பிடிக்கிறவன் பொய் சொல்ல மாட்டான்."

ஜால்ராவின் கையில் கோட்டு கசங்கியது.

ஒரு சிவப்புப் பந்து குழியின் வாயிலேயே நின்றுகொண்டிருந்தது. துணை மேலாளர் மேசையைச் சுற்றி அதனிடம் போனார். விரல்கள் விரிந்தன, மூடின. கோலின் நுனி சிவப்புப் பந்தைத் தொட, அது சத்தமில்லாமல் குழிக்குள் விழுந்தது. ஆறு நாளில் முதல் முறையாக அவருக்கு மூச்சு முழுசாக வந்தது. நிமிர்ந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

யாரும் கைதட்டவில்லை. ஆட்டக் கணக்கு எழுதுபவர் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் மேசையின் மறுகோடியைப் பார்த்தார்.

வெள்ளைப் பந்து அங்கே நின்றது. கோலால் அதை மட்டும்தான் அடிக்க வேண்டும் என்பது துணை மேலாளருக்குத் தெரியாது.