மரக்காரியின் மூலை

சங்கத்தில் ஒரு வார்த்தைக்குத் தடை இருந்தது. 'முடிஞ்சுது' என்று யாரும் சொல்லக் கூடாது. தண்டவாளம் போட்டவரோ, ஸ்டேஷன் கட்டினவரோ, மலை எழுப்பினவரோ, வாய் தவறி அந்த வார்த்தையை விட்டால் அத்தனை பேருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். மாடல் ரயிலில் எதுவும் முடிவதே இல்லை என்பது அவர்கள் கொள்கை. வேலையே செய்யாதவர்களுக்கு அந்தக் கொள்கை ரொம்ப வசதியாக இருந்தது.

சைக்கிள் கடைக்கு மேல்மாடி அறைதான் சங்கம். ஒவ்வொருவரும் தங்கள் பலகையை வீட்டிலேயே செய்து, தண்டவாளம் பதித்து, எடுத்துவந்து அடுத்தவர் பலகையோடு சேர்ப்பார்கள். எல்லாம் சேர்ந்தால் அறையைச் சுற்றி ஒரு பாதை. ஆனால் ஒரு மூலை காலியாகக் கிடந்தது. அந்த மூலைக்குச் சொந்தக்காரர் வேறு ஊருக்குப் போகும்போது பலகையையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அதனால் ரயில் அந்தக் கோடிவரை போகும், நிற்கும், வந்த வழியே பின்னால் நகரும். பையை மறந்துவிட்டுக் கடைவரை போன ஆள் மாதிரி.

அந்த மூலை அவளுக்கு வேண்டும்.

போன வருஷம் சங்கத்தில் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள், எனக்கு வயரிங் தெரியும் என்று. லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை. படித்தது மின்சாரப் பொறியியல். அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். எல்லாவற்றையும் சிரித்தபடி கேட்டுக்கொண்டார்.

"வயரிங்லாம் எங்காளுங்க பாத்துக்குவாங்கம்மா. நீ மரம் ஒட்டு. பொண்ணுங்க கைக்கு மரம் அழகா வரும்."

ஒட்டினாள். லிஃப்டில் கழித்துப்போட்ட கம்பிவடத்தைப் பிரித்து, முறுக்கி, கிளை பிரித்து, ஸ்பாஞ்சைக் கிள்ளிச் சாயம் தோய்த்து ஒட்டினாள். மரம் நன்றாக வந்தது. அதுதான் வினையே. எல்லாரும் என் பலகைக்கு நாலு, என் பலகைக்கு ஆறு என்று கேட்க ஆரம்பித்தார்கள். மரக்காரி என்று பேரும் வைத்தார்கள். ரயிலை ஓட்டும் கருவியை மட்டும் யாரும் அவள் கையில் தரவில்லை.

மூலைப் பலகையை அவள் வீட்டிலேயே, யாரிடமும் சொல்லாமல் தொடங்கினாள். வருஷம் முழுக்க அதுதான். முதலில் வளைத்த தண்டவாளத்தில் எஞ்சின் ஏறவே மாட்டேன் என்றது. பிடுங்கிவிட்டு, இன்னும் அகலமாக வளைத்தாள். மலைக்குப் பூசிய சுண்ணாம்புக் குழம்பு காயவில்லை. தங்கையின் ஹேர் டிரையரை எடுத்துக் காயவைத்தாள், அது புகைந்தது. ஈயம் பற்றவைக்கும் சூட்டுக் கம்பி விரலில் பட்டுக் கொப்புளம். வீட்டில் வேறு இடம் இல்லாததால் பலகை கட்டிலில்தான் கிடக்கும்.

"உன்கூடப் படுத்தா தண்டவாளத்துல தலையைக் குடுத்த மாதிரி இருக்குக்கா," என்பாள் தங்கை.

"பொம்மை வச்சு விளையாடற வயசாடி இது?" என்பாள் அம்மா.

அப்பா வேன் ஓட்டுபவர். அக்கம்பக்கத்தில் கேட்டால், "மேல்படிப்புங்க, ஏதோ பிராஜெக்ட்டு," என்று சொல்லிவைத்திருந்தார். மகள் பொம்மை ரயில் செய்கிறாள் என்று சொல்ல அவர் வாய்க்கு வரவில்லை. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

வருஷ முடிவுக் கூட்டத்தில் ஆளாளுக்கு எழுந்து இந்த வருஷம் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். மூலை யாருக்கு என்பதும் அன்றைக்குத்தான். போட்டிக்கு இரண்டு பலகை. எஞ்சினும் பெட்டிகளும் எதில் நிற்காமல் போகிறதோ அதற்கே இடம். இன்னொரு பலகை பல் டாக்டரின் மருமகனுடையது. அவரை ஊருக்கே மருமகன் மாதிரி எல்லாரும் மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள். சேர்ந்து சில மாசம்தான் ஆகிறது.

அப்பா வேனில் பலகையை ஏற்றிவந்தார். மாடிப்படியில் ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கினார்கள்.

"பொணக்கனம் கனக்குதே! உள்ள என்னம்மா இருக்கு?"

"ஒரு வருஷம் இருக்குப்பா. பேசாம தூக்குங்க."

அறையில் முதலில் எழுந்தவரைச் சுரங்கம் என்பார்கள். எல்லா வருஷமும் ஒரே சுரங்கத்தைச் செய்துகொண்டிருப்பவர். "இந்த வருஷமும் சுரங்கம்தான். வெளிச்சம் தெரியுது," என்றார். வழக்கமான ஜோக். வழக்கம்போல் சிரித்தார்கள்.

பிறகு மாப்பிள்ளை. "ரெடிமேடா வாங்கிப் பொருத்திட்டேன்," என்றார். ஒளிவுமறைவு இல்லாத மனுஷன், அதில் குறை சொல்ல முடியாது. எஞ்சின் அழகாக உள்ளே போனது. வளைவு இறுக்கம். கடைசி நீளப்பெட்டி பக்கச்சுவரில் உரசி, மல்லாந்து விழுந்தது.

"பரவால்ல பரவால்ல," என்றார் பல் டாக்டர். "பெட்டியைச் சரியா வைக்கல. இன்னொரு தடவை விடுங்க மாப்ளே."

இன்னொரு தடவையும் விழுந்தது.

அடுத்து அவள் பலகை. சேர்த்து, திருகு முடுக்கி, அடியில் மின்சார இணைப்பைச் செருகினாள். எஞ்சின் வந்தது. முன்சக்கரம் அவள் பலகையைத் தொட்டதும் ஓட்டும் கருவியில் ஷார்ட் சர்க்யூட் என்று சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சின் பாதி அங்கே, பாதி இங்கே, செத்து நின்றது.

யாரோ சிரித்தார்கள். "மரக்காரிம்மா, மரமே போதும்னு நாங்க அப்பவே சொன்னோம்ல?"

"சரி, பாத்தாச்சு," என்றார் பல் டாக்டர். "மூலையைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். அடுத்த ஆள் யாருப்பா?"

அவளுக்குக் காது சுட்டது. வீட்டில் எத்தனையோ தடவை ஓடிய பலகை இது. தனியாக ஓடும். வேறொன்றோடு சேர்த்தால் மட்டும்... அவள் சட்டென்று தரையில் படுத்து மேஜைக்கு அடியில் போனாள். செல்போன் விளக்கில் பார்த்ததும் புரிந்துவிட்டது. பாதையின் தொடக்கத்தில் நின்று பார்த்தால் இடது தண்டவாளத்துக்குச் சிவப்பு வயர், வலதுக்குக் கறுப்பு. அது சங்கத்து விதி. அவள் பலகையைக் கட்டிலில் கவிழ்த்துப் போட்டு வயர் இழுத்திருந்தாள். கவிழ்த்ததும் இடது வலதாகிவிடும் என்பது எல்.கே.ஜி. பிள்ளைக்குத் தெரியும். பொறியியல் படித்தவளுக்குத் தோன்றவில்லை.

அடியிலிருந்தே கத்தினாள். "தப்பு என்னுதுதான். வயரு இடம் மாறியிருக்கு. ஸ்க்ரூடிரைவர் குடுங்க."

"நேரமாகுதும்மா. ஒருத்தருக்கு ஒரு தடவைதானே?"

அவள் மேஜைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினாள். முடியில் மரத்தூள்.

"மாப்பிள்ளைக்கு ரெண்டு தடவை விட்டீங்களே டாக்டர். அவருக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணா? சாப்பாட்டுப் பந்தியா இது, மாப்பிள்ளைக்கு மட்டும் ரெண்டாவது தடவை பரிமாற?"

பல் டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"அட, நியாயம்தானே மாமா," என்றார் மாப்பிள்ளை. ஸ்க்ரூடிரைவரைக் குனிந்து நீட்டியதும் அவரே.

இரண்டு திருகு. இரண்டு வயர். இடம் மாற்றி முடுக்கினாள். எழுந்து வந்து, யாரையும் கேட்காமல் ஓட்டும் கருவியைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். யாரும் பிடுங்கவில்லை.

எஞ்சின் இரண்டு பலகையும் சேரும் கோடுவரை வந்தது. தாண்டியது. வளைவில் சாயாமல் போனது. கடைசி நீளப்பெட்டி பக்கச்சுவருக்கு விரல்கடை இடம்விட்டு நகர்ந்தது. அடுத்த பலகை, அதற்கடுத்தது, சுரங்கத்துக்குள் போய் வெளியே வந்து, முழு அறையையும் ஒரு சுற்றுச் சுற்றி, கிளம்பின இடத்துக்கே வந்து நின்றது. பின்னால் நகராமல்.

"முடிஞ்சுது!" என்று கத்தினார் அப்பா. கதவோரம் நின்றுகொண்டிருந்தவர், கையைத் தட்டியபடி உள்ளேயே வந்துவிட்டார். "முடிச்சுட்டா பாருங்க! எம்பொண்ணு! ரயிலு செஞ்சிருக்கா!"

அறை மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது.

"அண்ணே," என்றார் சுரங்கம், "அத்தனை பேருக்கும் டீ."

"எதுக்கு? என்ன தப்பா சொல்லிட்டேன்?"

விளக்கினார்கள். அப்பா கேட்டுவிட்டு, "இவ்வளவுதானா," என்றபடி படியிறங்கிப் போனார். கீழே சைக்கிள் கடைக்காரரிடம் அவர் பேசுவது மாடிவரை கேட்டது. பொம்மை ரயில், தெரியும்ல, கரண்டுல ஓடுறது, பொண்ணு செஞ்சது. பிராஜெக்ட் என்ற பேச்சே இல்லை.

மூலை யாருக்கு என்று பல் டாக்டர் வாயால் அறிவிக்கவில்லை. மாப்பிள்ளையின் பலகையைச் சுவரோரம் சாய்த்துவைக்கச் சொன்னார், அவ்வளவுதான். பிறகு அவளைப் பார்த்து, "நீயும் சொல்லணும்ல? இந்த வருஷம் என்ன பண்ணினே?" என்றார்.

"மூலை போட்டேன்," என்றாள். "மரம் மட்டும் இன்னும் ஒட்டல." மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். "உங்க கை சும்மாதானே இருக்கு சார்? ஒட்டுறீங்களா? சொல்லித் தரேன்."

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார். மாமனார் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். அவள் டீ வரும்வரை காத்திருக்கவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் போய், பலகையின் அடிப்பக்கத்தில் இடது, வலது என்று பெரிதாக எழுதினாள், இந்தத் தடவை படுத்தபடி, மேலே பார்த்து, சரியாக.